காருக்குள்ளே ஒரு குளம்

"டிரைவர் அண்ணா, கீழ தண்ணி நிக்குது!"

இந்த ஒரு வரியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சொன்னவர் எங்கள் அப்பாவின் காரில் தினமும் முன்சீட்டில் வரும் அக்கவுண்ட்ஸ் மேடம். மே மாதம், அக்னி நட்சத்திரம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் அவருடைய கைப்பை காலடியில் நனைந்து கிடந்தது. பைக்குள் அவர் பையனின் பள்ளிக்கூட அட்மிஷன் பேப்பர்கள். மை கலைந்து நீலமாக ஓடியிருந்தது.

முதலில் எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மண்ணூர். காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் தாலுகா. சென்னையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பக்கம் இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் திறந்தது, 2012-ல் அதே ஒரகடத்தில் டைம்லர் லாரி செய்ய ஆரம்பித்தது. இப்படி ஒவ்வொன்றாக வர வர எங்கள் ஊர்க்காரர்களின் பிழைப்பும் மாறிவிட்டது. சிலர் உள்ளே வேலை செய்கிறார்கள். சிலர் உள்ளே வேலை செய்பவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். எங்கள் அப்பா மாதிரி சிலர் உள்ளே வேலை செய்பவர்களைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இத்தனை கார் செய்கிற இடத்தில் ஒரு காரில் தண்ணீர் ஏன் ஒழுகுகிறது என்று சொல்ல ஆள் கிடைக்காமல் நாங்கள் அலைந்த கதைதான் இது.

அப்பாவின் கார் பழசு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சின்ன வெள்ளைக் கார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இந்தக் கோளாறு எல்லாக் கம்பெனி காரிலும் வரும். அதற்கு இன்னும் பதினான்கு தவணை பாக்கி. ஒரு டிராவல்ஸ் மூலமாக மாத வாடகைக்கு ஓடுகிறது. நாலு பேர், காலை ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப்.

மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூட அன்றோடு முடிந்திருக்கும். நேராக டிராவல்ஸுக்குப் போன் செய்துவிட்டார். டிராவல்ஸ்காரர் ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டார். "மூணு நாள் டைம் தரேன். சரி பண்ணிக்கோ. இல்லேன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து வேற வண்டி போட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதே." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் நடந்தது. முதல் குற்றவாளி என் தங்கை. ஞாயிற்றுக்கிழமை காரில் போனபோது வாட்டர் பாட்டிலை மூடாமல் வைத்தாள் என்று அப்பா. "அது நாலு நாள் முன்னாடி, அரை லிட்டர் பாட்டில்" என்று அவள். அடுத்து பக்கத்து வீட்டு அண்ணன் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ரேடியேட்டர் ஓட்டை என்றார். கார் கழுவும்போது கதவு ரப்பர் வழியாக இறங்கியிருக்கும் என்றார் எதிர்வீட்டு மாமா. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே இருக்கும் பஞ்சு பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறிக் கிடந்தது. வாசனை வேறு, மழைக்காலத்தில் காயாத பள்ளிக்கூட சாக்ஸ் மாதிரி. இது ஒருநாள் தண்ணீர் இல்லை, பல நாளாகச் சேர்ந்தது என்பது மட்டும் அப்போதே தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை டிரிப் முடித்துவிட்டு அப்பா நெடுஞ்சாலையோரம் ஒரு ஏ.சி. கடைக்குப் போனார் (பெயர் வேண்டாம்). அவர் பானெட்டைத் திறந்தார், மூடினார், கார்பெட்டை அமுக்கிப் பார்த்தார். "கூலிங் காயில் ஓட்டை. அதான் தண்ணி ஒழுகுது. டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும். புது காயில், கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து பதினோராயிரத்து ஐந்நூறு ஆகும். திங்கக்கிழமை வண்டிய விடுங்க." அப்பா அங்கேயே இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மீதிக்கு அம்மாவின் செயின் என்று முடிவானது. அந்தச் செயின் ஏற்கனவே மூன்று முறை பேங்குக்குப் போய் வந்தது. பேங்க்காரருக்கே அது பழக்கமான செயின்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ரெஃப்ரிஜரேஷன் அண்டு ஏர் கண்டிஷனிங் என்று ஒரு பேப்பர் எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். சைக்ரோமெட்ரிக் சார்ட்டில் கோடு போட்டு விடை எழுதத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டுக்கும் எங்கள் கார்பெட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வரை எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தூக்கம் வராமல் மொட்டைமாடியில் படுத்திருந்தபோது திடீரென்று ஒன்று உறைத்தது. கூலிங் காயிலுக்குள்ளே தண்ணீரே கிடையாதே! அதற்குள் ஓடுவது கேஸ். பழைய கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ, அதோடு கொஞ்சம் கம்ப்ரசர் ஆயில். காயில் ஓட்டையானால் வெளியே வருவது கேஸாகத்தான் இருக்கும். கேஸ் போனால் கூலிங் போகும். ஆனால் எங்கள் காரில் கூலிங் அருமையாக இருக்கிறது. பின்சீட்டில் வருபவர்கள் "அண்ணா கொஞ்சம் கொறைங்க" என்று சொல்லும் அளவுக்கு. அப்படியென்றால் காயில் ஓட்டை இல்லை. பதினோராயிரத்து ஐந்நூறும் எதற்கு?

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப தண்ணி எங்கேருந்து வருது?"

"காத்துலேருந்துப்பா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஃபீஸ் கட்டியதெல்லாம் கண்முன் வந்து போயிருக்கும். "அவன் இருவது வருஷமா கடை வச்சிருக்கான். நீ புக்குல படிச்சவன்" என்றார். அதில் தப்பும் இல்லை. காருக்குக் கீழே ஒருநாள்கூடப் படுக்காதவன் நான்.

காப்பாற்றியது அம்மா. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வந்து அப்பா பக்கத்தில் வைத்தார், வேறு ஏதோ வேலையாகத்தான். இரண்டு நிமிடத்தில் சொம்பு வெளியே முழுக்க வியர்த்து, திண்ணையில் வட்டமாக ஈரம். "இதோ பாருங்க, சொம்பு ஓட்டையா?" என்று கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை வரைக்கும் டைம் கொடுத்தார்.

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 35 டிகிரி வெயில், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்காற்று உள்ளே வந்த பிறகு எங்கள் பக்கத்தில் சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதைக் கூலிங் காயில் வழியாகத் தள்ளி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதனால் 9 கிராமுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மீதி 15 கிராம் காயில் மேலேயே துளித்துளியாக இறங்கிவிடும். வெளிக்காற்றை எடுக்கும்படி வைத்து, மணிக்கு 100 கன மீட்டர் காற்று உள்ளே போகிறது என்றால்? ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர்! உள்காற்றையே சுற்றவிட்டால் இவ்வளவு வராது, ஆனால் நாலு பேர் மூச்சுக்காற்றும் கதவு திறக்கும்போது நுழையும் காற்றும் சேர்ந்து அதிலும் தண்ணீர் வரத்தான் செய்யும்.

நம்மில் பலர் ஏ.சி. என்றால் குளிர வைக்கிற பெட்டி என்றுதான் நினைக்கிறோம். வில்லிஸ் கேரியர் 1902-ல் அமெரிக்காவில் ப்ரூக்ளினில் முதல் நவீன ஏ.சி.யை வடிவமைத்ததே ஓர் அச்சகத்துக்காக. அங்கே ஈரக்காற்றில் காகிதம் உப்பிச் சுருங்கி, கலர் மேல் கலர் சரியாக உட்காராமல் தொல்லை. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக் காகிதத்தைக் காப்பாற்றத்தான் அந்த மெஷின். எங்கள் காரில் அதே மெஷினின் பேரப்பிள்ளை ஒரு மேடத்தின் காகிதங்களை நனைத்துவிட்டது, அதுதான் வேடிக்கை. காரில் ஏ.சி.யைக் கம்பெனியே வைத்துக் கொடுத்தது 1939-ல் பேக்கார்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி. அதில் கூலிங் காயில் பின்னால் டிக்கிப் பக்கம் இருந்தது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஸ்விட்ச் எல்லாம் பிற்பாடு வந்தது. நல்லவேளை, நம் அப்பாக்கள் அந்தக் காலத்தில் டிரைவராக இல்லை.

சரி, எங்கள் காருக்கு வருவோம்.

காயிலில் இறங்கும் தண்ணீர் அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் சேரும். அங்கிருந்து விரல் தடிமனுக்கு ஒரு சின்ன டிரெயின் பைப், எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தகட்டைத் துளைத்து வெளியே போய் ரோட்டில் சொட்டும். நிற்கும் ஏ.சி. காருக்குக் கீழே ஈரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். (சின்ன வயதில் கார் ஒன்றுக்குப் போகிறது என்று நானும் தங்கையும் சிரிப்போம்.) அந்த பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே ஏறி, வழிந்து, முன்பக்கம் இடதுசீட்டின் காலடியில் இறங்கும். அந்தப் பெட்டி பெரும்பாலான நம்மூர் கார்களில் கிளவ் பாக்ஸ் பின்னால், அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் சோதனை. காரை வெயிலில் நிறுத்தி ஏ.சி.யை முழுதாக வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டேன். கீழே குனிந்து பார்த்தால் புழுதி காய்ந்தபடியே இருந்தது. ஒரு சொட்டு இல்லை! டீக்கடை வாசலில் நின்ற இன்னொரு காரின் கீழே ஓடை மாதிரி போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியால் காலடித் தண்ணீரை ஒற்றி எடுத்துப் பார்த்தேன். நிறம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. ஹீட்டர் காயில் ஒழுகியிருந்தால் கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ, கையில் ஒட்டும்படி, லேசான இனிப்பு வாடையோடு இருந்திருக்கும். ஆக ரேடியேட்டர் அண்ணன் தோற்றார். மழையும் இல்லை. தங்கை நிரபராதி.

அப்போது அப்பாவே ஒரு சாட்சி சொன்னார். "பத்துப் பதினைஞ்சு நாளா ரைட்ல திரும்பும்போதெல்லாம் டேஷ்போர்டு உள்ளே சளக்னு ஒரு சத்தம் வருதுடா." அட, இதை முதல்நாளே சொல்லியிருக்கக் கூடாதா! வண்டி வலது பக்கம் திரும்பினால் உள்ளே தேங்கிய தண்ணீர் இடது பக்கம் மோதும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டிக் குளத்தையே வைத்துக்கொண்டு அப்பா ஒரகடம் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டது. சரி செய்வதுதான் பாக்கி. அதில்தான் நான் பட்ட பாடு.

முதல் முயற்சி மேலிருந்து. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். எதுவும் தெரியவில்லை. இருபது நிமிடம் ஓடிய எஞ்சின் சூடாக இருக்கும் என்ற அடிப்படை அறிவு மணிக்கட்டில் பட்ட பிறகுதான் வந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. ஜாக்கி போட்டுக் கீழே படுக்கிறேன் என்றேன், அப்பா ஒரே சத்தம். அவர் சொன்னதுதான் சரி. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான், அதை நம்பிக் கீழே படுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடியில் கொடுத்தால் போதும் என்று சிலர் செய்வார்கள், அது ஒரு நொடியில் நொறுங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் நூறு ரூபாய் கொடுத்து ராம்ப்பில் ஏற்றினோம். கீழே நின்று பார்த்தால் இரண்டே நிமிடம். இடதுபக்கம், தகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு ரப்பர் மூக்கு. அதன் வாயில் செம்மண் பூசியது போல அடைப்பு. விரலால் நோண்டினால் மண்கட்டி உதிர்ந்தது, அதற்குள்ளே குட்டி அறை அறையாக... குளவிக்கூடு! மார்ச்சில் அப்பா காய்ச்சலில் படுத்தபோது கார் இருபது நாள் வேப்பமரத்தடியில் நின்றது. அந்தச் சமயத்தில் ஒரு குளவி தன் குடும்பத்துக்கு வீடு பார்த்திருக்கிறது. எங்கள் ரோட்டில் ஓடும் டிப்பர் லாரிகளின் புழுதி மேலே பூச்சு வேலை செய்து கொடுத்திருக்கிறது.

சர்வீஸ் கடைப் பையன் ஒரு சைக்கிள் கம்பியை நீட்டினான். வாங்கவில்லை. உள்ளே எதிரே இருப்பது அலுமினியக் காயில், தாள் போல மெல்லிய தகடுகள். கம்பி கொஞ்சம் ஆழமாகப் போனால் ஏ.சி. கடைக்காரர் சொன்ன ஓட்டையை நாமே போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அம்மாவிடம் கூடை பின்னும் ஒயர் ஒரு கட்டு உண்டு. அதிலிருந்து இரண்டு முழம் வெட்டி எடுத்துப் போயிருந்தேன். வளையும், ஆனால் மடங்காது, எதையும் கீறாது. அதை மெதுவாக உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுத்தேன். முதலில் சேறு. பிறகு வேப்பிலைத் துணுக்கு. பிறகு என் முகத்தில் குளம்.

வாய் திறந்திருந்தது என்பதை மட்டும் சொல்லி அடுத்த பத்திக்குப் போகிறேன் :-)

குறைந்தது இரண்டு லிட்டர் இருக்கும். நின்று நின்று கொட்டியது. அப்பா சிரித்தார். வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அத்தோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான்தான் கெடுத்தேன். "எதுக்கும் ஒரு தடவை ஏர் அடிச்சிடலாம்" என்றேன். பையன் கம்ப்ரசர் பைப்பை ரப்பர் மூக்கில் வைத்து முழு பிரஷரில் ஒரு அடி. உள்ளே டப்பென்று ஒரு சத்தம். ஏதோ கடைசி அடைப்பும் போனது என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கார்பெட் மறுபடி ஈரம்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஏ.சி. கடைக்கு அன்று வண்டியை விடாமல் செவ்வாய் வருகிறேன் என்று அப்பா என்னை நம்பித்தான் சொல்லியிருந்தார். டிராவல்ஸ்காரர் கொடுத்த மூன்று நாளும் முடிந்துவிட்டது. பீரோவிலிருந்து செயின் டப்பா எடுக்கும் சத்தம் கேட்டது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் காரின் கீழே பார்த்தேன். ஏ.சி. போட்டால் வெளியேயும் சொட்டுகிறது, உள்ளேயும் வருகிறது. பைப் திறந்திருக்கிறது, ஆனால் பாதித் தண்ணீர்தான் பைப்புக்கு வருகிறது. ஏன்?

செவ்வாய் காலை டிரிப் முடிந்ததும் அப்பா ஏ.சி. கடைக்குப் போகும் வழியில் தண்டலத்தில் மரத்தடியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் நிறுத்தச் சொன்னேன். போர்டு கிடையாது, ஷட்டர் கிடையாது, ஒரு இரும்புப் பெட்டிதான் கடை. நான் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். "ஏர் அடிச்சியா?" என்று ஒரே கேள்வி கேட்டார். தலையாட்டினேன். "கீழேருந்து மேல அடிச்சா உள்ளாற இருக்கிற ரப்பர் பெண்டு கழண்டுக்கும் தம்பி. தண்ணி போற பக்கமா அடிக்கணும், இல்லன்னா வாயால உறிஞ்சிக்கணும்." கிளவ் பாக்ஸைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, கையால் தடவி, பெட்டியிலிருந்து நழுவியிருந்த ரப்பரை மறுபடி அதன் மூக்கில் ஏற்றினார். ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினார். கேபின் ஃபில்டரையும் உருவிக் காட்டினார். அதில் ஒரு வயல் அளவுக்கு மண் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார். கீழே ஓடியது, கால்மாட்டில் ஒரு துளி இல்லை.

நூற்றைம்பது ரூபாய். ஃபில்டர் தனி.

அப்பா இருநூறு கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்றார். பெரியவர் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு கார்பெட். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடிப்பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். முன்னோரம் கார்பெட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டை கொடுத்து, ராத்திரி கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைப் போட்டோம். நாலு ராத்திரி. அப்பா பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்துக் காவல். பஞ்சுக்குக் கீழே தகட்டில் இரண்டு இடத்தில் பெயின்ட் உப்பித் துரு பிடித்திருந்தது, சுரண்டி பிரைமர் அடித்தோம். ஒரு ஒயர் கனெக்டரில் செம்பு பச்சை பூத்திருந்தது. அதைப் பார்த்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. 2013 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் கேம்ரி உள்ளிட்ட 8 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இதே ஏ.சி. தண்ணீர். டிரெயின் பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏர்பேக் கம்ப்யூட்டர் மேல் சொட்டி, ஷார்ட் ஆகி, காரணமே இல்லாமல் ஏர்பேக் வெடித்துத் திறக்க வாய்ப்பு இருந்தது. அந்த அடைப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது சிலந்தி வலை. அவர்களுக்குச் சிலந்தி, எங்களுக்குக் குளவி.

ஏ.சி. கடையில் அட்வான்ஸைக் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். பேச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கேஸ், ஆயில், கன மீட்டருக்கு 15 கிராம், எல்லாம். அப்பா வாசலிலேயே என் தோளை அமுக்கிவிட்டு, "காயில் வேணாங்க, வேற இடத்துல பார்த்துக்கிட்டோம்" என்று மட்டும் சொன்னார். அவர் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார், ஐந்நூறு செக்கிங் சார்ஜ். "ஏன்ப்பா ஒண்ணும் கேக்கல?" என்றேன் வெளியே வந்ததும். "இந்த ரோட்டுலதான்டா நாளைக்கும் வண்டி ஓட்டணும்" என்றார். எனக்கு இன்றுவரை அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கடைக்காரருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்குமா, தெரிந்தே சொன்னாரா என்பதும் புரியவில்லை. இருபது வருடக் கடை என்பதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்பா முதலாவது என்கிறார்.

டிராவல்ஸ்காரரிடம் சொல்லி இரண்டு நாள் கூடுதலாக வாங்கியிருந்தோம். புதன்கிழமை காலை மேடத்துக்காக அப்பா முன்சீட்டின் காலடியில் ஒரு பழைய தினத்தந்தியை விரித்து வைத்தார். சாயங்காலம் அது மொடமொடவென்று அப்படியே இருந்தது. மேடம் அதை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, "பரவால்லண்ணா, அட்மிஷன் பேப்பர் வேற காப்பி எடுத்துட்டேன்" என்றாராம். ஒண்ணாந்தேதிக்குப் பிறகும் அப்பாவின் கார்தான் போகிறது.

கூடை ஒயர் இப்போது கிளவ் பாக்ஸில் இருக்கிறது. டீக்கடையில் வண்டி நின்றால் அப்பா இறங்கிக் குனிந்து கீழே பார்க்கிறார். சொட்டினால்தான் டீ சொல்கிறார். போன வாரம் பக்கத்தில் நின்ற வேறொரு டிராவல்ஸ் வண்டியின் அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு அந்த டிரைவரிடம், "இன்னாப்பா, ஏ.சி. போட்டிருக்கே, உன் வண்டி சொட்டவே இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, கிளவ் பாக்ஸிலிருந்து ஒயரை எடுத்துக்கொண்டு வந்தாராம்.